பிக்கப்புக்கு ரெண்டாவது டீசல் டேங்க்: வைக்கலாமா, வேண்டாமா?

1. தக்காளி வண்டி (ஒட்டன்சத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதுதான் முதல் தடவை.

வண்டி பிஎஸ்6 டீசல் பிக்கப், 1.7 டன். வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய் ஏத்தி எறணாகுளத்துக்கு வாரம் நாலு நடை அடிக்கிறேன். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழி. போக வர 560 கிலோமீட்டர். லோடோட 10, காலியா வந்தா 14, கூட்டிக் கழிச்சா லிட்டருக்கு 12 குடுக்குது.

இங்க ஃபுல் பண்ணிட்டுப் போனா திரும்பி வர்றதுக்குள்ள டீசல் தீந்துருது. வடக்கஞ்சேரி தாண்டறதுக்குள்ள சிவப்பு லைட் வந்துரும். அங்க லிட்டருக்கு ரெண்டு மூணு ரூபா கூட. காசு கூடப் பரவாயில்ல, தூக்கத்தோட பங்க் தேடி நிக்கறதுதான் கடுப்பு. கேஜ் வேற சரியில்ல, ஃபுல் அடிச்சாலும் முள்ளு முக்காலைத் தாண்டாது. எவ்வளவு இருக்குன்னு நம்பி ஓட்டவே முடியல.

அதனால ரெண்டாவது டேங்க் வைக்கலாம்னு இருக்கேன். கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு சாண் இடம் கிடக்கு. நம்ம ஊர் வெல்டர் ஒருத்தர் நாலடி நீளம், எட்டு இஞ்ச் அகலம், பத்து இஞ்ச் உசரத்துக்கு ஜிஐ தகட்டுல அடிச்சுத் தர்றேங்கறார். 60 லிட்டர் புடிக்கும். டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு டேப் வச்சு, திருப்பினா பழைய டேங்க்ல இருந்து புதுசுக்கு மாறிக்கிற மாதிரி. எல்லாம் சேர்த்து 14,000 கேட்டார். 2,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

யாராவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா? எதைக் கவனிக்கணும்?

2. நாமக்கல் லாரி

தம்பி, தாராளமா வைங்க. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவன் சொல்றேன். எங்க வண்டிக ரெண்டு பக்கமும் டேங்கோடதான் போகும். நாமக்கல்ல நிரப்பினா பாதி இந்தியா தாண்டி டீசல் அடிச்ச காலமெல்லாம் உண்டு. ரெண்டு டேங்குக்கும் அடியில பேலன்ஸ் பைப் ஒண்ணு போகும், ஒண்ணுல குறைஞ்சா இன்னொண்ணுல இருந்து தானா வந்து சமமாகிரும். டேப்பே தேவையில்ல. அந்த பைப்ப மட்டும் கல்லு அடிக்காத இடத்துல ஓட்டுங்க. அது உடைஞ்சா ரெண்டு டேங்கும் சேந்து ரோட்டுல போயிரும். எனக்கு சோலாப்பூர் பக்கத்துல ஆயிருக்கு.

3. சிங்காநல்லூர் பட்டறை

அண்ணா, உங்க லாரியில ரெண்டு டேங்கும் ஒரே உசரத்துல சேஸ் ஓரமா தொங்கும், அதுக்கு பேலன்ஸ் பைப் சரி. இவரு கேபினுக்குப் பின்னாடி மேல வைக்கிறேங்கறார். பழைய டேங்க் கீழ. மேல இருக்கறது மொத்தமும் கீழ எறங்கி வழிஞ்சு ஓடிரும். சம மட்டத்துல இருந்தாத்தானுங்க பேலன்ஸ்.

தக்காளி வண்டி, உங்க வெல்டர் சொன்ன டேப் வேலைக்கு வர்றேன். அவரு சப்ளை லைனை மட்டும் யோசிச்சிருக்கார், ரிட்டர்ன் லைனை மறந்துட்டார். காமன் ரெயில் இன்ஜின்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற இன்ஜின்ல, டேங்க்ல இருந்து இழுக்கற டீசல் எல்லாம் எரியறதில்லீங்க. பம்ப்பும் இன்ஜெக்டரும் வேணுங்கறத எடுத்துட்டு மிச்சத்த சூடாத் திருப்பி அனுப்பும். அது வந்து விழறது பழைய டேங்க்ல. இப்ப நீங்க டேப்பத் திருப்பிப் புது டேங்க்ல ஓட்டறீங்கன்னு வைங்க. இழுக்கறது புதுசுல, திரும்பறது பழசுல. பழசு ஏற்கெனவே ஃபுல்லா இருந்தா? மூடி வழியா, காத்து போற ஹோஸ் வழியா ரோட்டுல கொட்டிட்டே போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி பைக்ல வர்றவனுக்குத்தான் தெரியும், அதுவும் விழுந்தப்புறம்.

இதை ஒழுங்காப் பண்ண ரெண்டே வழிதான். சப்ளையும் ரிட்டர்னும் ஒரே நேரத்துல மாறற ஆறு வாய் வால்வு போடணும். இல்லைன்னா இன்ஜின் பக்கமே போகாம, புது டேங்க்ல இருந்து பழைய டேங்குக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப் வச்சு மாத்தி ஊத்திக்கணும். ரெண்டாவதுதான் உத்தமம். இன்ஜின் லைன்ல கை வைக்க வேண்டாம், ஏர் புகறதுக்கும் வழியில்ல.

ஜிஐ தகடு வேண்டவே வேண்டாம். அது மேல பூசியிருக்கற துத்தநாகத்த டீசல் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். அது சோப்பு மாதிரி ஒரு பிசுக்காகி ஃபில்டர் அடைக்கும், தப்பிச்சுப் போனா இன்ஜெக்டர் மூக்குல படியும். பித்தளை, செம்பு ஃபிட்டிங்கும் டீசலுக்கு ஆகாது. அலுமினியம் இல்லைன்னா சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு, உள்ள தடுப்புத் தகடு வச்சு. அந்தத் தடுப்பு இல்லைன்னா பிரேக் புடிக்கும்போதெல்லாம் அம்பது கிலோ டீசல் உள்ள முட்டி முட்டி வெல்டிங் தையலை ஒடைச்சிரும்.

4. நாமக்கல் லாரி

ரிட்டர்ன் லைன் விஷயம் ஒத்துக்கறேன். பழைய பம்ப்ல திரும்பறது கம்மி, நாங்க கண்டுக்கவே மாட்டோம். டேங்க் காலியாகி ஏர் புடிச்சா ஓரமா நிறுத்தி, ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கை பம்ப்ப நாலு அமுக்கு அமுக்குவோம், நுரை போயி டீசல் வந்ததும் டைட் பண்ணிட்டுக் கிளம்பிருவோம். இப்ப வண்டியில அதெல்லாம் நடக்குமா?

5. சிங்காநல்லூர் பட்டறை

கை பம்ப் இப்பவும் சிலதுல ஃபில்டர் மேலயே இருக்குங்கண்ணா. ஆனா ரெயில்ங்கற அந்தப் பொதுக் குழாய்ல 1,600, 1,800 பார் பிரஷர். அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான். காத்தோட சுத்தினா உள்ள உராஞ்சு இரும்புத் தூள் உதிரும், அது ரெயில், இன்ஜெக்டர்னு மொத்தமும் போயிரும். அந்த பில்லு வந்தா டேங்க் 14,000 எல்லாம் டீக்காசு.

6. கல்கூர்லி

மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். சுரங்க வேலை. இங்கே பிக்கப்பை 'யூட்' என்பார்கள். ரெண்டாவது டேங்க் இங்கே அன்றாடம் பார்க்கிற விஷயம், ஏனென்றால் தூரம் அப்படி. கேனிங் ஸ்டாக் ரூட் என்று ஒரு பாதை. விலூனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர், மொத்தமும் மணல் மேடு. நடுவில் குனவாரிட்ஜி என்ற பழங்குடியினர் ஊரில்தான் டீசல். மணலில் ரெண்டாம் கியரில் உறுமிக்கொண்டு போகும்போது லிட்டருக்கு நாலு, அஞ்சு கிடைத்தால் பெரிய விஷயம். லேண்ட் குரூசர் 79-க்குக் கம்பெனியே 130 லிட்டர் டேங்க் கொடுக்கிறது. அது போதாமல்தான் மேற்கொண்டு வைக்கிறோம்.

என் வண்டியில் இருப்பது பட்டறைக்காரர் சொன்ன பம்ப் முறை. ஸ்விட்ச் போட்டால் பின் டேங்க் டீசல் முன் டேங்குக்கு வரும். முதல் மாதமே ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டபடி ஓட்டினேன். முன் டேங்க் நிரம்பி, நெடுஞ்சாலையில் கோடு போட்டுக்கொண்டே இருபது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். பின்னால் வந்த ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி) டிரைவர் ரேடியோவில் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு டைமர் வைத்தேன். பத்து நிமிஷத்தில் தானாக நின்றுவிடும்.

இங்கே பலர் ரெண்டாவது டேங்கே வைப்பதில்லை. பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி மாடலுக்கு ஏற்றபடி வார்த்த டேங்க் கடையில் கிடைக்கும், ஆஸ்திரேலிய வாகன விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒரே டேங்க், ஒரே மிதவை, ஒரே மூடி. தலைவலி கிடையாது. இந்தியாவில் அப்படிக் கிடைக்கிறதா?

இன்னொன்று, எடை. டீசல் லிட்டர் 0.84 கிலோ. 60 லிட்டருக்கு 50 கிலோ, டேங்கும் சட்டமும் 20 கிலோ. அந்த அளவுக்கு லோடு குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

7. தக்காளி வண்டி

லோடு குறைக்கறதா 😄 அண்ணே, இது ஒட்டன்சத்திரம். தக்காளிப் பெட்டி எத்தனைன்னு மண்டிக்காரர்தான் முடிவு பண்ணுவார்.

ரிட்டர்ன் லைன் சொன்னதுக்கு நன்றிங்க. வெல்டர்கிட்ட கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, மூடிய டைட்டா வச்சிரலாம்"ங்கறார்.

8. சிங்காநல்லூர் பட்டறை

மூடிய டைட்டா வச்சா இன்னும் மோசம். டேங்க்குன்னா மூச்சு விடணும். டீசல் குறையக் குறையக் காத்து உள்ள போகணும், வெயில்ல பொங்கினா வெளிய வரணும். பங்க்ல பூமிக்குக் கீழ இருக்கற டேங்க்ல இருந்து குளுகுளுன்னு 100 லிட்டர் அடிக்கிறீங்க, மத்தியானம் வண்டி வெயில்ல நின்னு 20 டிகிரி சூடு ஏறினா ஒன்றரை லிட்டருக்கு மேல பெருகும். கழுத்து வரைக்கும் நிரப்பி மூச்சையும் அடைச்சா எது வெடிக்கும்னு சொல்ல முடியாது.

அப்புறம், பழைய டீசல் டேங்க்கை வெட்டி ஒட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா ஓடி வந்துருங்க. நெறஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. உள்ள நிக்கற ஆவியில வெல்டிங் பொறி பட்டா பட்டறையே போயிரும். அப்படி ஒட்டணும்னா நல்லாக் கழுவி, வாய் வரைக்கும் தண்ணி ஊத்தி வச்சுத்தான் தொடுவோம்.

9. சும்மா கேட்டேன்

தக்காளி வண்டி அண்ணா, சிவப்பு லைட் எரியும்போது பங்க்ல ஃபுல் சொன்னா எத்தனை லிட்டர் புடிக்குது?

10. எஃப்சி நாள்

யாருமே சட்டம் பேசல, நான் பேசறேன். ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல இருபது வருஷமா உக்காந்து ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறவன்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து ஆர்சி புக்கில இருக்கற விவரம் மாறிப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்குல இதையே சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ(4)னு ஒண்ணு சேர்த்தாங்க. அனுமதியில்லாம மாத்தின ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூபா, இல்லைன்னா ரெண்டுமே. டேங்க் ஒரு மாத்தம், லைன் ஒரு மாத்தம்னு பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ண ஆரம்பிச்சா எங்க முடியும்னு தெரியாது.

எஃப்சிக்கு, அதான் வண்டியோட தகுதிச் சோதனைக்கு, கழட்டி வச்சுட்டு வந்து அப்புறம் மாட்டிக்கலாம்னு சொல்றவங்க உண்டு. நானும் பாத்திருக்கேன். ஆனா கேரளா பார்டர்ல நிறுத்திப் பாத்தா என்ன பண்ணுவீங்க? அதைவிட பெருசு இன்சூரன்ஸ். வண்டி எங்கயாவது தீப்புடிச்சா சர்வேயர் வந்து முதல்ல போட்டோ எடுக்கறதே அந்த டேங்க்கைத்தான்.

11. தக்காளி வண்டி

அப்ப 60 லிட்டர் டீசல் கொண்டு போறதே தப்புங்களா?

12. எஃப்சி நாள்

அது தப்பில்ல. 1934 பெட்ரோலியம் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு. 2,500 லிட்டர் வரைக்கும், ஒரு பாத்திரத்துல 1,000 லிட்டருக்கு மிகாம இருந்தா, வைக்கவோ கொண்டு போகவோ லைசென்ஸ் வேண்டாம். பாடியில கேன்ல டீசல் இருக்கறது வேற, வண்டியோட டீசல் அமைப்பையே மாத்தறது வேற. கேன் சரக்கு. வெல்டு பண்ணி பைப் இழுத்துட்டா அது வண்டியோட உறுப்பு.

13. வன்னிக் கெப்

நான் கிளிநொச்சியில இருந்து எழுதுறன். இஞ்ச பிக்கப்பை நாங்கள் கெப் எண்டுதான் சொல்லுறது.

2022 இல நாங்கள் பட்ட பாடு தெரியும்தானே. பெற்றோல் செட்டில ரெண்டு நாள், மூண்டு நாள் வரிசை. ஆடி மாசம் கியூஆர் அட்டை வந்தாப்பிறகு கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு அளந்து தந்தவங்கள். அந்த நேரம் நானும் என்ர கெப்புக்குப் பின்னுக்கு ஒரு தாங்கி அடிச்சுப் பூட்டினனான். கிடைக்கிற நேரம் கிடைக்கிறதை நிரப்பி வைப்பம் எண்டுதான் நினைப்பு. பழைய தண்ணி பரல் ஒண்டை வெட்டி ஒட்டினது.

டீசல் மாசக்கணக்கா நிண்டது. அதுதான் பிழை. தாங்கி பாதி வெறுமையா இருந்தா இரவுக் குளிருக்கு உள்ள வேர்த்துத் தண்ணி விடும். தண்ணி கீழ, டீசல் மேல. ரெண்டுக்கும் நடுவில ஒரு கறுத்தச் சளி மாதிரி பிடிச்சுது. ஒருநாள் ஏ9 றோட்டில, மாங்குளத்துக்கு இஞ்சால, கெப் இருமி இருமி நிண்டிட்டுது. கராஜ்காரர் ஃபில்டரைக் கழட்டிக் காட்டினார், மீன் குழம்பு மாதிரி இருந்திச்சு. 2023 புரட்டாதியில அட்டை முறை நிண்டுது, அடுத்த நாளே தாங்கியைக் கழட்டிப் போட்டன்.

வைக்கிறதெண்டா அடியில தண்ணி திறந்து விடுற நட் ஒண்டு வையுங்கோ. உறிஞ்சிற குழாயை அடியில முட்ட விடாமல் ரெண்டு விரல் உயரத்தில நிப்பாட்டுங்கோ. நிரப்பின டீசலைக் கிடப்பில போடாதேங்கோ.

14. நாமக்கல் லாரி

மீன் குழம்பு!! இன்னிக்கு ராத்திரி சாப்பாடு போச்சு.

15. மலை ஏறும் வண்டி

நான் மட்டும் எதிர்த்துப் பேசறேன். வால்பாறையில எஸ்டேட் வேலை, டபுள் கேப் வச்சிருக்கேன். ஜெனரேட்டருக்கும் பவர் ஸ்ப்ரேயருக்கும் டீசல் வேணும். பாடியில 100 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், மேலயே பம்ப், நாலு மீட்டர் ஹோஸ், துப்பாக்கி மாதிரி நாசில். வண்டி லைனோட ஒரு சம்பந்தமும் இல்ல, நாலு போல்ட் கழட்டினா தனியா வந்துரும். வழியில தீந்தா நிறுத்தி, இறங்கி, அதே நாசிலால வண்டி டேங்க்ல ஊத்திக்கிறேன். எஃப்சி அண்ணன் கணக்குல இது சரக்கு. மூணு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. தக்காளி வண்டிக்கும் இதுதான் சரி. ஓடும்போதே மாறணும்னு என்ன அவசரம்? அஞ்சு நிமிஷம் நிறுத்தினா ஆச்சு.

16. தக்காளி வண்டி

பாடியில இடம் அடைச்சா ரெண்டு வரிசை பெட்டி போயிருமேங்க. காய்க்குப் பக்கத்துல டீசல் வாடை வேற ஆகாது, எறணாகுளத்துக்காரன் மோந்து பாத்தே விலை குறைப்பான்.

17. கல்கூர்லி

அப்படியானால் கணக்குப் போடுவோம். 560 கிலோமீட்டரை 12-ஆல் வகுத்தால் 47 லிட்டர். கேரளாவில் நடைக்கு எவ்வளவு அடிக்கிறீர்கள்?

18. தக்காளி வண்டி

பயத்துல ஒரு 15 லிட்டர் அடிப்பேன். சில நாள் 20.

19. கல்கூர்லி

20 என்றே வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு மூன்று ரூபாய் வித்தியாசம் என்றால் நடைக்கு 60 ரூபாய். 14,000 எடுக்க 230 நடைக்கு மேல் ஓட வேண்டும். வாரம் நாலு என்றால் ஒரு வருஷத்துக்கு மேல். அதற்குள் ஒரு தடவை 5,000 அபராதம் விழுந்தால் இன்னும் அஞ்சு மாதம்.

20. எஃப்சி நாள்

அந்த மூணு ரூபாயிலயும் ரெண்டு ரூபா 2023 ஏப்ரல்ல கேரளா போட்ட செஸ். அதுக்கு முன்னாடி இந்த அளவுக்கு யாரும் கணக்குப் பாக்கல. கேரளா பார்டர்ல இருக்கற வாளையாருக்கு இந்தப் பக்கம் உள்ள பங்க்ல ராத்திரி லாரி வரிசை நிக்கறதப் பாத்தா தெரியும்.

21. சும்மா கேட்டேன்

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல 🙂 சிவப்பு லைட்ல ஃபுல் பண்ணா எத்தனை லிட்டர்? மேனுவல்ல டேங்க் அளவு என்ன போட்டிருக்கு?

22. தக்காளி வண்டி

மன்னிக்கணும், கவனிக்கல. மேனுவல்ல 57. லைட் எரிஞ்சு போனா 34, 35 புடிக்கும். ஒரு தடவை 36. அதுக்கு மேல நாசில் டக்குன்னு கட் ஆயிரும்.

23. சும்மா கேட்டேன்

லைட் எரியும்போது டேங்க்ல எட்டு லிட்டர் இருக்குன்னு வச்சுக்குவோம். 57ல எட்டு போனா 49. உங்களுக்கு 35தான் புடிக்குது. மிச்சம் 14 லிட்டர் எங்க?

ஃபுல் அடிச்சாலும் முள்ளு முக்கால்ல நிக்குதுன்னு முதல் பதிவுலயே எழுதியிருந்தீங்க. எனக்கென்னவோ கேஜ் சரியாத்தான் இருக்குன்னு தோணுது. டேங்க்தான் நெறையல.

24. நாமக்கல் லாரி

பங்க்காரன் வேலையா இருக்கும். அளவுல கை வைக்கிறான். அஞ்சு லிட்டர் அளவு பாத்திரம் எல்லா பங்க்லயும் இருக்கணும், கேட்டா அடிச்சுக் காட்டணும். கேளுங்க.

25. சும்மா கேட்டேன்

அண்ணா, பங்க்ல ஏமாத்தினா மீட்டர்ல கூடத்தான் காட்டும், டேங்க்ல கம்மியா விழும். 57 புடிக்கிற டேங்குக்கு 65 அடிச்சேன்னு சொன்னா பங்க் மேல சந்தேகப்படலாம். இங்க தலைகீழா இருக்கே.

26. சிங்காநல்லூர் பட்டறை

அட! நான் டேங்க் கட்டறதப் பத்தியே ரெண்டு பக்கம் எழுதிட்டேன், இதை யோசிக்கலையே.

சொல்றேன் கேளுங்க. நாசில் நுனியில ஒரு சின்னத் துளை இருக்கும், பாத்திருப்பீங்க. டீசல் வேகமாப் போகும்போது அந்தத் துளை வழியா உள்ள காத்து இழுத்துட்டே இருக்கும். டீசல் மேல வந்து துளைய மூடினா காத்து நின்னு போயி, உள்ள இருக்கற டயஃப்ரம் இழுபட்டு டக்குன்னு கட் ஆகும். அதுக்கு டேங்க் நெறஞ்சுதா, வெறும் நுரை மேல வந்துச்சான்னு தெரியாது. டீசலுக்கு நுரை ஜாஸ்தி.

இப்ப ஃபில்லர் பைப்புக்குப் பக்கத்துலயே ஒல்லியா இன்னொரு ஹோஸ் போகும். டேங்க் தலையில கிளம்பி மூடி வாய்க்கிட்ட வந்து சேரும். டீசல் உள்ள இறங்கும்போது அங்க இருக்கற காத்து வெளிய வர்ற வழி அதுதான். அது நசுங்கினா காத்துக்கு வேற வழியில்லாம டீசல் வர்ற பைப்லயே எதிர்த்து ஏறி வரும், நுரையத் தள்ளிட்டு. நாசில் கட்.

ஒரு கேள்வி. இந்தப் பிரச்சனை வண்டி எடுத்த நாள்ல இருந்தா, நடுவுல வந்துதா? இடையில பாடி கட்டினீங்களா?

27. தக்காளி வண்டி

...

போன ஆடியில பாடி மாத்தினேன். பெட்டி கூட அடுக்க சைடு உசத்தி, அடியில குறுக்குச் சேனல் ரெண்டு புதுசாப் போட்டாங்க. அதுக்கு முந்தி ஃபுல் பண்ணிட்டுப் போனா பழனி வரைக்கும் வந்து சேருவேன். மைலேஜ் குறைஞ்சு போச்சுன்னு இல்ல நினைச்சேன்! சர்வீஸ்ல காட்டினப்ப கேஜோட ஃப்ளோட் போயிருக்கும், மாத்தணும்னாங்க. செலவுன்னு விட்டுட்டேன்.

காலையில லோடு இறக்கிட்டு அடியில படுத்துப் பாக்கறேன்.

28. மலை ஏறும் வண்டி

பாய் எடுத்துட்டுப் போங்க. பொழுது விடிஞ்சதும் படம் போடுங்க.

29. நாமக்கல் லாரி

ஹோஸ் நசுங்கியிருந்தா மூடி திறக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம் வரணுமே?

30. சிங்காநல்லூர் பட்டறை

வராதுங்கண்ணா. ஓடும்போது காத்து உள்ள போறதுக்கு மூடியிலயோ டேங்க் மேலயோ தனியா ஒரு வழி உண்டு, அது ஒழுங்கா இருந்தா இன்ஜினுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஒல்லி ஹோஸ் நெரப்பும்போது மட்டும்தான் வேலை செய்யும். அதனாலதான் ஒரு வருஷமா யாரும் கண்டுபுடிக்கல.

தக்காளி வண்டி, இன்னொண்ணு. நாசில் கட் ஆனதுக்கப்புறம் பங்க் பையனை விட்டு விட்டு அமுக்கச் சொல்லி நெரப்பாதீங்க. ஹோஸ் மாத்தினப்புறமும்தான். முதல் கட் வந்தா போதும்.

31. தக்காளி வண்டி

பாத்தாச்சு.

ஆலுவா தாண்டி டீக்கடை ஓரமா நிறுத்தி அடியில படுத்தேன். புதுச் சேனலைச் சேஸோட புடிச்சிருக்கற யு போல்ட்டுக்கும் சேஸுக்கும் நடுவுல அந்த ஒல்லி ஹோஸ் அப்பளமா நசுங்கிக் கிடக்கு. பாடி இறக்கும்போது ஒதுக்கி வைக்காம மேலயே வச்சு முடுக்கியிருக்காங்க. கையால புடிச்சுப் பாத்தா ஒரு பேப்பர் நுழையாது.

பாடி கட்டினவரைக் கூப்பிட்டேன். "ஓட்டிப் பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க?"ங்கறார். ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

32. சிங்காநல்லூர் பட்டறை

போல்ட்ட லூஸ் பண்ணி ஹோஸை இழுத்து எடுத்துட்டா ஆச்சுன்னு விட்டுறாதீங்க. ஒரு வருஷம் நசுங்கின ரப்பர், மடிப்புல வெடிச்சிருக்கும். டீசல் தாங்கற ஹோஸ்தான் வாங்கணும், தண்ணி ஹோஸ் போட்டா ஊறி மாவாயிரும். எங்கயும் தொங்காம, பள்ளம் விழாம மேல் நோக்கியே ஓட்டுங்க. நடுவுல தொங்கினா அதுல டீசல் தேங்கி மறுபடி காத்த மறிக்கும்.

33. தக்காளி வண்டி

மூணு நாள் கழிச்சு எழுதறேன். ஹோஸ், ரெண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 450 ஆச்சு. போல்ட்டுக்கு ரெண்டு விரல் தள்ளி ஓட்டியாச்சு.

நேத்து லைட் எரிஞ்சதும் நம்ம ஊர் பங்க்லயே போயி ஃபுல் சொன்னேன். 35 தாண்டுச்சு, 40 தாண்டுச்சு. பங்க் பையன் குனிஞ்சு வண்டிக்கு அடியில ஒழுகுதான்னு பாக்கறான். 48.7ல கட் ஆச்சு. முள்ளு உச்சியில போயி நிக்குது, ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் அந்த 'எஃப்' எழுத்தைப் பாக்கறேன்.

இன்னிக்கு எறணாகுளம் போயிட்டு எங்கயும் அடிக்காம வீடு வந்து சேர்ந்தேன். உடுமலை தாண்டித்தான் லைட் வந்துச்சு.

34. கல்கூர்லி

அருமை. உங்களுக்கு இன்னும் எட்டுப் பத்து லிட்டர் கையிருப்பு வேண்டுமென்றால் பெரிய டேங்க் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் அந்த 14,000-ஐ டயருக்கு வைத்திருங்கள்.

35. வன்னிக் கெப்

நல்ல விசயம். எனக்கும் இப்பதான் பொறி தட்டுது, என்ர கெப்புக்கும் பாடி வேலை செய்தனான். நாளைக்குக் கீழ பாக்கப் போறன்.

36. எஃப்சி நாள்

பாடி சைடு உசத்தினேன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, அதுக்கு ஆர்சியில... சரி விடுங்க, நான் பாக்கல.

37. தக்காளி வண்டி

அண்ணே 🙏

38. நாமக்கல் லாரி

எல்லாம் சரி, வெல்டருக்குக் குடுத்த 2,000 அட்வான்ஸ் என்னாச்சு?

39. தக்காளி வண்டி

அவரு அதுக்குள்ள தகடு வெட்டி முக்கால்வாசி அடிச்சுட்டாரு. சண்டை போட மனசில்ல. மேல் மூடி போடாம அப்படியே குடுங்கன்னு இன்னும் 1,500 குடுத்து வாங்கிட்டு வந்தேன். ஜிஐ தகடு தண்ணிக்கு நல்லாத்தான் இருக்கு. நாலடி நீளம், ரெண்டு மாடும் ஒண்ணா நின்னு குடிக்குது.